ஐந்து யாழும் இங்கேதான் இருக்கும்

தம்பி, முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நீ அனுப்பிய வண்டி வெள்ளிக்கிழமை காலையில் திருக்கோகர்ணத்துக்கு வந்து, சந்து தெரியாமல் சுற்றி, ஒருவழியாக நம் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுநருக்கு இட்லியும் காப்பியும் கொடுத்து, வெறும் வண்டியாகவே திருப்பி அனுப்பினேன். ஐந்து யாழில் ஒன்றைக்கூட ஏற்ற விடவில்லை. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தக் காத்திருக்கும் சென்னைக் கலைக்கூடத்தார் உன்னிடம் புகார் சொல்லியிருப்பார்கள். நீ என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்விக்குறி வந்தது. கேள்வி இல்லை, வெறும் குறி. அதற்கு நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் பதில் தட்டினேன். உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் எழுதாத பிள்ளைகளின் தாளை நான் எப்படித் திருத்துவேன் என்று உனக்குத் தெரியும்.

அதனால்தான் நீ யாழைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற இதே வாரப் பத்திரிகைக்கு நானும் எழுதுகிறேன். அம்மா அனுப்புகிற செய்தியை நீ பாதியில் விடுவாய். இதில் அச்சாகிற எதையும் ஒரு புள்ளி விடாமல் படிப்பாய், தப்பு கண்டுபிடிப்பதற்காகவாவது. ஆசிரியர் முதலில் தயங்கினார். இது வீட்டுச் சண்டை இல்லையா என்று கேட்டார். வீட்டுச் சண்டைதான், ஆனால் சண்டை யாழைப் பற்றியது என்று சொன்னேன். வியாழக்கிழமை வருகிற இதழிலேயே போடுகிறேன் என்றுவிட்டார்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். யாழ் என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழர் இல்லை. பெண் பிள்ளைக்குப் பெயராக வைக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் படம் போடுகிறோம். நான் பிறந்த ஆவூர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடும்போது யாழை மீட்டச் சொல்லிப் பாட்டிலேயே வரும். நாங்களும் கீபோர்டை வைத்துக்கொண்டு அதைப் பாடிவிட்டு வீட்டுக்கு வருவோம். யாழின் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்று ஒருவரும் கவலைப்பட்டதும் கிடையாது. வீணையில் ஒரே கம்பியில் விரலை நகர்த்திப் பல சுரம் எடுக்கலாம். யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு, அது தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வித்தியாசத்திலேயே அது கையைவிட்டுப் போயிற்று என்று நீதான் எனக்குச் சொன்னாய். போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. மிஞ்சியது சொல்லும் கற்சிலையும்தான்.

அந்தக் கற்சிலை ஒன்றைப் பார்த்துவிட்டுத்தானே நீ கோயம்புத்தூரில் இருந்த நல்ல வேலையை விட்டாய்? நான் தடுக்கவில்லை. மாடி அறை முழுக்க மரத்தூள் பறந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. என் புடவைக்குப் பக்கத்தில் ஆட்டுத்தோலைக் கொடியில் காயப்போட்டபோது உன் அப்பாதான் கீழிருந்து குரல் கொடுத்தார், "ஏப்பா, ஒங்கம்மா சேலை எது, ஆடு எதுன்னு ஒரு அடையாளம் வச்சிட்டுப் போ." பலாமரத்தைக் குடைந்து குடைந்து மூன்று தடவை விரிசல் விட்டது. ஒவ்வொரு தடவையும் நீ சோறு தின்னாமல் கிடந்தாய். கடைசியில் ஒருநாள் நான் மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து என்னவோ கேட்ட மாதிரி இருந்தது. மிக்சியை நிறுத்தினேன். இன்னொரு தடவை கேட்டது. வீணை மாதிரியும் இல்லை, கோயில் கிட்டார் மாதிரியும் இல்லை. சட்டென்று எழும்பி, நீளாமல், மரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு சத்தம். கரண்டியோடு படியேறி வந்து நின்றேன். உன்னைப் பெற்ற பிறகு நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை. இதை முதலில் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி வரப்போகிற பத்திகளில் உனக்கு இது மறந்துபோய்விடும்.

இனி திவவுக்கு வருகிறேன். திவவு என்பது யாழின் கோட்டில், அதாவது வளைந்த கழுத்துக் கொம்பில், நரம்பை இறுக்கிப் பிடிக்கிற வார்க்கட்டு. சுருதி ஏற்ற வேண்டுமானால் அந்தக் கட்டை விரலால் தள்ளி நகர்த்த வேண்டும். வீணையில் உள்ள மாதிரி பிரடை என்கிற முறுக்காணி வைத்தால் ஒரு திருகில் முடிகிற வேலை. நீ பிரடை கூடாது என்றாய். பழைய யாழில் வார்க்கட்டுத்தான் இருந்தது, ஆகவே வார்க்கட்டுத்தான் இருக்கும் என்றாய். சரி, செய்கிறவன் நீ. ஆனால் அந்தக் கட்டு இன்றைக்குத் தள்ளினால் நாளைக்கு நகர்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்து நரம்பு இறங்குகிறது. மழைக்கு இளகுகிறது, நம்மூர் வெயிலுக்கு விறைக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நடந்தது நினைவிருக்கிறதா? தலைமையாசிரியை என்னிடம் ஆசையாகக் கேட்டு, உன்னை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். நீ மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தாய். பிள்ளைகள் முதலில் அமைதியாக இருந்தார்கள். பிறகு அதுதான் கச்சேரி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நீ நிமிர்ந்து பார்த்து, இன்னும் தொடங்கவில்லை என்றாய். சிறப்பு விருந்தினருக்கு வேறு ஊரில் இன்னொரு விழா. அவர் எழுந்து பேசிவிட்டார், பரிசும் கொடுத்துவிட்டார், நாட்டுப்பண்ணும் பாடிவிட்டார்கள். பந்தல்காரர் நாற்காலியை அடுக்குகிற நேரத்தில் உனக்குச் சுருதி சேர்ந்தது. அன்றைக்கு நீ வாசித்ததைக் கேட்டவர்கள் நானும் உன் அப்பாவும் பந்தல்காரரும்தான். மிக நன்றாக வாசித்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, ஒரு பிரடை வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். "ஒனக்கு இது புரியாதும்மா" என்றாய். பதினோராம் வகுப்புக்கு நரம்பின் நீளத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள உறவைச் சுரமானி வைத்து நடத்தியவளிடம் சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொள். நீ எல்.கே.ஜி. போன காலத்திலிருந்து அது ஓடுகிறது. டயர் மாற்றினார், சீட் மாற்றினார், டேங்க் மாற்றினார், என்ஜினைக்கூட ஒருமுறை இறக்கி வேறு வைத்தார்கள். இன்றைக்கும் அவர் அதை என் பழைய வண்டி என்றுதான் சொல்கிறார். அதன் முன்பக்கத்தில் ஏறி நின்றுகொண்டுதான் நீ பள்ளிக்கூடம் போனாய். இது அசல் வண்டி இல்லை என்று ஒருநாளும் இறங்கி நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஓடிக்கொண்டே இருந்ததால் அது அதே வண்டி. ஓடாமல் கொட்டகையில் நிறுத்தியிருந்தால் எல்லா உறுப்பும் அசலாக, துருப்பிடித்து, அழகாக இருந்திருக்கும்.

அப்புறம் உன் கிரிக்கெட் மட்டை. மதுரையிலிருந்து உன் மாமா வாங்கி வந்தது. தெருப் பிள்ளைகள் ரப்பர் பந்தில் விளையாடுகிறார்கள், இது கார்க் பந்துக்கான மட்டை, இதை வைத்து அதில் விளையாடக் கூடாது என்று பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாய். கார்க் பந்து வந்தபோது எடுத்துப் பார்த்தோம். கரையான் உள்ளே குடியேறியிருந்தது, வேட்டி மட்டும் மட்டை வடிவத்தில் இருந்தது. நீ அழுதாய். நான் உன்னைச் சமாதானப்படுத்தினேனே தவிர, அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. உனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். வகுப்பில் அந்தத் தப்பை நான் செய்யவே மாட்டேன், கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன்.

இத்தனைக்கும் நடுவில் நீ ஒரு நல்ல காரியம் செய்தாய். தனியாக ஒருவன் வாசித்தால் போதாது, ஐந்து பேராவது சேர்ந்து வாசித்தால்தான் இது நிற்கும் என்று நீயே சொல்லி, ஏழு நரம்பு வைத்த சின்ன யாழாக ஐந்து செய்தாய். ஒன்று செலினுக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆவூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பெண், அங்கே கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மலர்க்கொடிக்கு. இரண்டு, நம் தெருவில் கல்லூரியில் படிக்கும் அக்காள் தங்கைக்கு. ஐந்தாவது எனக்கு. இந்த வயதில் என் விரல் மடங்க மறுத்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து, கோபமே படாமல், திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாய். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கேள்விக்குறி அனுப்புகிறவனுக்கு இல்லை.

பிறகு நீ பேசுவதற்காகச் சென்னைக்குப் போனாய். யாழைப் பற்றிப் பேச உன்னைக் கூப்பிடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டமாகி, ஐப்பசி முழுவதும் நீ வரவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. தோல் நமுத்துப்போய் ஐந்து யாழும் சளி பிடித்த மாதிரி ஆயின. கட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. செலின் டியூட்டி முடிந்து டவுன் பஸ் பிடித்து வருவாள். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு முன்னால் அவளுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், அது முழுவதும் கட்டை நகர்த்துவதிலேயே தீர்ந்துபோகும். ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், நான் வாசிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில கட்டுப் போடுறேன், இங்கிட்டு வந்தும் கட்டுப் போடுறேன். அம்புட்டுத்தான். நாளையிலருந்து வரல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்த அக்காள் தங்கையும் பரீட்சை என்றார்கள். அவர்களுக்குப் பரீட்சை எப்போது என்று எனக்குத் தெரியாதா?

உனக்குப் போன் செய்தேன். "பழகப் பழக வந்துரும்மா, அவங்களுக்குப் பொறுமை இல்ல" என்றாய். பொறுமை என்ற சொல்லை நீ எடுத்திருக்க வேண்டாம்.

மறுநாள் நானும் மலர்க்கொடியும் கீழராஜ வீதியில் இசைக்கருவி விற்கிற கடைக்குப் போனோம். கிட்டாருக்குக் கம்பி முறுக்குகிற கீ இருக்கிறதே, அதை வாங்கினோம். தச்சரை வீட்டுக்கு வரவழைத்துக் கோட்டில் துளை போட்டோம். செலினுடைய யாழில், மலர்க்கொடியுடையதில், அந்தப் பிள்ளைகளுடையதில், என்னுடையதில். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை, நான் சொல்லித்தான் நடந்தது. ஏழாவது நரம்புக்கு மட்டும் உன் வார்க்கட்டையே விட்டு வைத்தோம். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே, கீ ஆறு ஆறாகத்தான் விற்கிறார்கள். செலினுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள், திருகினாள், அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டாள். அவள் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போகிறவரை வாசித்துக்கொண்டிருந்தாள்.

நீ வந்து பார்த்தபோது நான் அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு யாழையும் மடியில் எடுத்து வைத்து, துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாய். உன் முகம் வாடியதை நான் பார்க்காமல் இல்லை. நீ குடைந்த மரம், நீ பதப்படுத்திய தோல். உன்னைக் கேட்காமல் துளை போட்டது உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே போட்டேன். ஆனாலும் நீ சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

"இனிமே இது யாழ் இல்லம்மா. கிட்டாரு யாழ் வேஷம் போட்டிருக்கு."

"வேஷம் போட்டாவது ஆடட்டும்ப்பா. நீ செஞ்சது ஒப்பனை ரூம்லயே உக்காந்திருந்துச்சு."

அதற்குப் பிறகு நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. வகுப்பை நிறுத்தினாய். அவர்கள் வந்தால் மாடி அறை பூட்டியிருந்தது. பெங்களூரில் வேலை கிடைத்து, பெட்டி கட்டும்போதுதான் கலைக்கூடத்தின் விஷயத்தைச் சொன்னாய். கீயை எல்லாம் கழற்றி, துளையை மரப்பொடி வைத்து அடைத்து, பழையபடி வார்க்கட்டு கட்டி, ஐந்தையும் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். குளிர்சாதன அறையாம். தோல் நமுக்காதாம். "அங்கன்னா பத்திரமா இருக்கும்மா" என்றாய். உன் அப்பாகூட, அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றார். அவர் எல்லோர் பக்கத்திலும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பார், அப்படித்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மியூசியம் இருக்கிறது. வருஷாவருஷம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவேன். உன்னையும் சேர்த்துத்தான். பாடம் செய்த பறவையைப் பார்த்து நீ என்ன கேட்டாய் தெரியுமா? இது ஏன் எச்சம் போடவே இல்லை என்று கேட்டாய். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அது சரியான கேள்வி. பறவை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அப்படி ஒன்று வேண்டும்தான், அந்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பறவையே அது ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதைப் பிடித்தா பாடம் செய்வார்கள்?

குடுமியான்மலைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பாறையைக் காட்டினாயே. இசையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இதைவிடப் பத்திரமாக எதையும் வைக்க முடியாது என்று சொன்னாய். நான் கேட்டேன், இதை எப்படி வாசிப்பது? நீ சொன்னாய், அதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. பார்த்துக்கொள். எழுத்து அப்படியே இருக்கிறது, மழை வெயில் எதுவும் தொடவில்லை. வாசித்த கைதான் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது போய்க்கொண்டே இருந்திருந்தால் வழியில் ஏதாவது மாறியிருக்கும், சண்டைக்கு வேலை இருந்திருக்காது. அந்த மாற்றத்தைப் பற்றித்தான் உனக்கு இவ்வளவு பயம்.

வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது என்று நீ சொன்னதும், வியாழக்கிழமை சாயங்காலமே மாடி அறையைத் திறந்து, நாலு பேரையும் கூப்பிட்டு அவரவர் யாழை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். ஆட்டோவில் இரண்டு போயின, ஸ்கூட்டியில் ஒன்று போயிற்று, செலின் தன்னுடையதைப் போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள், கண்டக்டர் பச்சைப் பிள்ளை என்று நினைத்து ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தாராம். மலர்க்கொடி அன்று இரவே போன் செய்தாள். "டீச்சர், பீரோவ இங்கிட்டு தள்ளி யாழுக்கு எடம் பண்ணிட்டேன். ஒங்க மகன் வந்து கேட்டாருன்னா குடுத்துருவேன். ஆனா பீரோவ அவருதான் மறுபடி அங்கிட்டு தள்ளணும், சொல்லிருங்க."

மறுநாள் ஓட்டுநர், பாவம், இட்லி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தவித்தார். ஆள் வீட்டில் இல்லை என்று சொல்லட்டுமா என்றார். நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று அவரே சொல்லிக்கொண்டார். "யாழ் வீட்ல இல்லைன்னு சொல்லுங்க" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, என்னுடையது ஒன்றுதான் மாடியில் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செலினுடைய ஊர்க் கோயிலில் திருவிழாப் பூசை. பாட்டுக் குழுவில் யாழும் சேர்ந்து வாசிக்கட்டும் என்று அவள் முன்பே கேட்டு வைத்திருந்தாள். மலர்க்கொடி நெற்றியில் பொட்டும் தலையில் கனகாம்பரமுமாக வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தாள். ஐந்து பேரும் ஒரே வரிசை. கீயைத் திருகினோம், முதல் மணி அடித்துப் பாதிரியார் வருவதற்குள் சுருதி சேர்ந்துவிட்டது. இதை நீ இரண்டு தடவை படி.

நன்றாக வாசித்தோம் என்று பொய் சொல்லமாட்டேன். நான் ஒரு இடத்தில் பக்கத்து நரம்பைத் தட்டிவிட்டேன், அந்தத் தங்கைப் பிள்ளை அடக்கமாட்டாமல் சிரித்தது. செலின் மட்டும் தடுமாறவே இல்லை. ஆனால் கீபோர்டு வாசிக்கிறவர் பழக்கதோஷத்தில் வழக்கம்போலச் சத்தமாக வைத்திருந்தார், இரண்டு ஸ்பீக்கர். அதற்குள் எங்கள் ஐந்து யாழும் முங்கிப்போயின. என் யாழ் என் காதுக்குக் கேட்டது, பக்கத்து யாழ் பாதி கேட்டது. வெளியே வேப்பமரத்தடியில் நின்ற உன் அப்பா, பாட்டு மட்டும் கேட்டதாக அப்புறம் சொன்னார். இதற்காகவா உன்னோடு இவ்வளவு சண்டை போட்டேன் என்று தோன்றியது. கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் பார்க்கவாவது பார்ப்பார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இரண்டாவது பாட்டு முடிந்தபோது, முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். யாரென்று எனக்குத் தெரியாது. செலினுக்கும் பழக்கமில்லை, திருவிழாவுக்கு வேற்றூரிலிருந்து வந்தவர் போலிருக்கிறது.

"தம்பி, அந்தப் பொட்டியக் கொஞ்சம் கொறைங்க. இவுக வாசிக்கிறது கேக்க மாட்டேங்குது."

கீபோர்டுக்காரர் குறைத்தார். மூன்றாவது பாட்டு கொஞ்சம் கேட்டது.

யாழைப் பற்றி உன் கூட்டங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பெரிதாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மறைந்து போயிற்று என்று வருந்துவார்கள், கைதட்டுவார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கேட்கவில்லை என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டதை நான் நேற்றுத்தான் முதலில் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு இது யாழா கிட்டாரா என்று தெரியாது, வார்க்கட்டு தெரியாது, துளை தெரியாது. அவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மாவின் குறையை என்னால் தீர்க்க முடியவில்லை. என்னால் ஆனது ஒரு திருகு வாங்கி வைத்ததோடு சரி. தோலை இன்னும் மெல்லியதாக்க வேண்டுமா, குடத்தை அகலமாகக் குடைய வேண்டுமா, நரம்பை மாற்ற வேண்டுமா, எனக்குத் தெரியாது. செலினுக்கும் தெரியாது. அந்தக் கலைக்கூடத்துக் குளிர்சாதன அறையில் யாருக்கும் இந்தக் கவலையே வராது. இதை யோசிக்கத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் ஒருவன்தான், அவன் பெங்களூரில் உட்கார்ந்து எனக்குக் கட்டைவிரல் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

நீ செய்த யாழ், உனக்கு அதன்மேல் உரிமை இருக்கிறது. இன்னொரு வண்டி அனுப்பினாலும் என்னால் சட்டம் பேச முடியாது. ஆனால் வண்டியை அனுப்பாதே, நீ வா. செலின் வீட்டுக்குப் போ, மலர்க்கொடி வீட்டுக்குப் போ, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போ. அவர்கள் முகத்தைப் பார்த்து, இது யாழ் இல்லை, கொடுங்கள் என்று நீயே கேள். அவர்கள் கொடுத்துவிடுவார்கள், உன்மேல் அவ்வளவு மரியாதை. என்னுடையதையும் நானே இறக்கிக் கொண்டுவந்து வைக்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று செய். கோயிலில் பாட்டுக் குழுவில் எங்களை வருகிற ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை கிளம்பினால் நீ வந்து சேர்ந்துவிடலாம். முன்வரிசையில் உட்கார்ந்து எங்கள் விரலைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. வாசலுக்குப் பக்கத்தில், கடைசியாக வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நில். அங்கே வரைக்கும் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.